மொட்டைக் கடிதத்தின் நகல்

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதனுக்குத் தன்மேல் திடீரென்று மரியாதை வருவது உடம்புக்கு நல்லதல்ல. லென்ஸுக்கு அன்று காலை அது வந்துவிட்டது. வந்ததோடு நில்லாமல் சட்டைக்கு இஸ்திரி போட வைத்தது. பழைய தோல் பையை ஈரத்துணியால் துடைக்க வைத்தது. மணி பதினொன்றுக்குப் பல்கலைக்கழகப் பதிவாளரின் அறையில் முதுகு வலிக்க நிமிர்ந்து உட்கார வைத்தது.

லென்ஸ் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. துப்பறியும் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடியோடு அலைகிறார். அதைப் பார்த்துத் தெருவில் வைத்த பெயர். அந்தக் கண்ணாடியால் இதுவரை அவர் கண்டுபிடித்தவற்றில் பெரும்பாலானவை மருந்து அட்டைகளின் காலாவதித் தேதிகள். வாடகைக்கு வருகிறவர் ஒழுங்கானவரா, தொலைந்த சைக்கிள் யார் வீட்டுச் சந்தில் நிற்கிறது, இந்த மாதிரி வழக்குகள்தான் அவருக்கு வரும். இப்போது ஒரு பல்கலைக்கழகமே கூப்பிட்டிருக்கிறது. தாமதமானாலும் உலகம் நம்மைக் கண்டுகொண்டது என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. நாமாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

பக்கத்து நாற்காலியில் அவருடைய உதவியாளர். உதவியாளர் என்பது விசிட்டிங் கார்டில்; வீட்டில் அண்ணி. நீதிமன்றத்தில் முப்பது வருடம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே, "வீட்ல உக்காந்தா உங்க அண்ணன்கூட சண்டைதான் வரும் தம்பி. உங்க ஆபீஸ்ல உக்காந்தா சிரிப்பாவது வரும்" என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தவர்.

பதிவாளர் ஒல்லியான மனிதர். அவர் மேஜையில் ஒரு குண்டூசிகூடக் கோணலாகக் கிடக்கவில்லை. பச்சை மைப் பேனாவைத் திறந்து ஒரு தாளில் கையெழுத்திட்டு, அதற்கு ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி, பிறகுதான் தாளை லென்ஸிடம் நீட்டினார்.

"எல்லாக் கோப்பையும் நீங்க பார்வையிடலாம்னு அனுமதிக் கடிதம். பெற்றுக்கொண்டதா இங்க ஒரு கையெழுத்து."

லென்ஸ் கையெழுத்திட்டார். கொஞ்சம் பெரிதாகவே இட்டார்.

விஷயம் இதுதான். துணைவேந்தர் இரண்டு மாதத்துக்கு முன்னால் பதவி விலகிவிட்டார். காரணம் உடல்நிலை என்று அறிவிப்புப் பலகை சொன்னது. சிற்றுண்டிச்சாலையில் வேறு வேறு காரணங்கள் சொன்னார்கள். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க ஒரு ஓய்வு பெற்ற நீதிபதி அம்மாவின் தலைமையில் குழு போட்டார்கள். இறுதிப் பட்டியலில் மூன்று பேர். ஒருவர் வேறு ஊரில் வேலை கிடைத்து விலகிக்கொண்டார். இன்னொருவர் நேர்காணலில் வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி, அதை முன்னேற்றப் போவதாக அரை மணி நேரம் பேசினார். மிச்சம் இருப்பது மண்ணியல் துறைப் பேராசிரியை மட்டும். எல்லாருக்கும் பிடித்தவர்தான். ஆனால் அவரைப் பற்றி ஒரு மொட்டைக் கடிதம் வந்துவிட்டது.

"வெளி ஆள் ஒருத்தரை வச்சு விசாரிங்கன்னு நீதிபதி அம்மா சொல்லிட்டாங்க. இன்னைக்கு நாலு மணிக்குக் கூட்டம். அதுக்குள்ள கண்டுபிடிக்க முடியலைன்னாலும் பரவாயில்லை. 'விசாரித்தும் தெரியவில்லை'ன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்" என்றார் பதிவாளர் இதமாக.

என்ன பெருந்தன்மை என்று லென்ஸ் உருகினார். அண்ணி பதிவாளரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் லென்ஸ் பூதக்கண்ணாடியை எடுத்து, பதிவாளர் கொடுத்தனுப்பிய மொட்டைக் கடிதத்தின்மேல் குனிந்தார். தட்டச்சு செய்த கடிதம்.

'பொருள்: துணைவேந்தர் தேர்வு – மண்ணியல் துறைப் பேராசிரியை – தகுதியின்மை – தொடர்பாக.

மேற்காணும் பொருள் தொடர்பாக, அன்னார் பேராசிரியர் பதவியில் பத்தாண்டுகள் பணி முடிக்கவில்லை எனவும், இவ்வுண்மையை மறைக்கும்பொருட்டு அன்னாரது பணிப் பதிவேடு முன்னாள் துணைவேந்தரின் துணையுடன் அகற்றப்பட்டுள்ளது எனவும் பணிவுடன் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு, நலம் விரும்பி.

இணைப்பு: இல்லை.
நகல்: கோப்புக்கு.'

லென்ஸ் தாளை முகர்ந்து பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தரமான தாள். இடது ஓரம் தாராளமா விட்டிருக்கு. எழுதினவர் பெரிய மனசுக்காரர், ஆனா உள்ளுக்குள்ள ஒரு காயம். படிச்சவர். அநேகமா உயரமா இருப்பார்."

"செருப்பு அளவு சொல்லலையே தம்பி" என்றார் அண்ணி. "கடைசி வரியைப் பாத்தீங்களா?"

"நகல் கோப்புக்கு. அதுக்கென்ன, எல்லாக் கடிதத்துலயும் இருக்கறதுதானே."

"எல்லாக் கடிதத்துலயும் இருக்கும். மொட்டைக் கடிதத்துல இருக்குமா? பேரை மறைச்சு எழுதறவன் எதுக்கு ஒரு நகல் எடுத்து வைக்கப் போறான்?"

லென்ஸுக்கு இது கொஞ்சம் சின்ன விஷயமாகப் பட்டது. அவருடைய கவனம் எப்போதும் பெரிய விஷயங்களில்தான். அதனால்தான் சின்ன விஷயங்கள் அவர் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடிவிடுகின்றன.

படிக்கட்டின் கீழே பேராசிரியை நின்றிருந்தார். செருப்பில் சேறு, கையில் ஒரு துணிப்பை நிறைய மண். அவர்களை யாரென்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், நேராகவே பேச்சைத் தொடங்கினார்.

"நான் பேராசிரியர் ஆகி பன்னெண்டு வருஷம் ஆச்சுங்க. என்கிட்ட இருக்கற ஆணையோட நகலைக் காட்டினேன். நகல் செல்லாது, பணிப் பதிவேட்டோட ஒப்பிடணும்னு பதிவாளர் எழுதிட்டார். பதிவேட்டைக் காணோம். கடைசியா அது போனது துணைவேந்தர் அறைக்குன்னு கோப்பு நகர்வு நோட்டுல இருக்கு. திரும்பி வந்ததுக்குக் கையெழுத்து இல்லை."

"நாலு மணிக்குள்ள கிடைக்கலைன்னா?" என்று கேட்டார் அண்ணி.

பேராசிரியை பையைக் கீழே வைத்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மடித்த கடிதம் ஒன்றைக் காட்டினார். "போட்டியில இருந்து விலகறேன்னு எழுதி வச்சிருக்கேன். வேலையையும்தான். பொய்ச் சான்று குடுத்தவன்னு பேர் வந்ததுக்கப்புறம் எந்த முகத்தோட வகுப்புக்குள்ள போறது? எங்க துறையில ஆறு பேர் வேலையை நாலு பேர் இழுத்துட்டு இருக்கோம். மூணு வருஷமா ஒரு நியமனம் கிடையாது. இந்தப் பதவிக்கு வந்தா அதையாவது சரி பண்ணலாம்னு நினைச்சேன். பேராசைன்னு இப்பத் தோணுது."

லென்ஸ் பையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார். "கவலைப்படாதீங்க. வழக்கு நம்ம கையில இருக்கு" என்றார். வாய் தவறி வந்துவிட்டது. ஆட்டோ பிடிக்கும்போது அண்ணி 'நம்ம கையில' என்று மட்டும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அதுவே லென்ஸுக்குப் பயமாக இருந்தது.

பழைய துணைவேந்தர் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புத்தகக் கட்டு ஒன்றுக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். கயிறு ஜெயித்துக்கொண்டிருந்தது.

லென்ஸ் உட்காரவில்லை. குற்றவாளியின் வீட்டில் உட்காரக் கூடாது என்பது அவருடைய கொள்கை. இரண்டு அடி முன்னால் வந்து, குரலைத் தாழ்த்தி, "இந்த மொட்டைக் கடிதத்தை எழுதினது நீங்கதான்" என்றார்.

துணைவேந்தர் கடிதத்தை வாங்கிப் படித்தார். "இதுல என்னையும் திட்டியிருக்கே."

"அதனாலதான் எனக்குச் சந்தேகமே வந்தது."

"இந்தக் கணக்குப்படி பாத்தா, கடிதத்துல பேர் வராத நீங்களும் நானும்தான் நிரபராதி தம்பி" என்றார் அண்ணி, ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தபடி. "சார், இவர் கேட்டதை விடுங்க. நீங்க ஏன் வேலையை விட்டீங்க?"

துணைவேந்தர் கயிற்றைக் கீழே போட்டார். "உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு கூட்டத்துல பேசிட்டு இருந்தேன். உயர்கல்வியின் எதிர்காலம். பேசிட்டு இருக்கும்போதே எனக்குத் தூக்கம் வந்துடுச்சு. கேக்கறவங்களுக்கு வர்றது சகஜம், பேசறவனுக்கு வந்தது அன்னைக்குத்தான். முழிச்சுப் பாத்தா கைதட்டிட்டு இருக்காங்க. வீட்டுக்கு வந்து யோசிச்சேன். கடைசியா எப்ப ஒரு புத்தகத்தை முழுசாப் படிச்சேன்னு ஞாபகம் வரல. கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியுது. அதுக்கு நான் எதுக்கு, ஒரு ரப்பர் முத்திரை போதுமே. அதான் எழுதிக் குடுத்துட்டேன்."

லென்ஸுக்கு இந்த மனிதரைப் பிடித்துப் போய்விட்டது. கொள்கையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பணிப் பதிவேடு?"

"அடுத்து வர்றவங்க சரியான ஆளா இருக்கணுமேன்னு எனக்கு ஒரு கவலை இருந்தது. அந்தம்மாவோட பதிவேட்டை வாங்கிப் பாத்தேன், எல்லாம் சரியா இருந்தது. அன்னைக்குச் சாயங்காலமே பதிவாளர் வந்து வாங்கிட்டுப் போனார். அவர்கிட்டப் போய்க் கையெழுத்து கேக்கணும்னு எனக்குத் தோணல."

அண்ணியின் கண் சுருங்கியது. "இன்னைக்குக் கூட்டத்துல பேர் முடிவாகலைன்னா என்ன ஆகும் சார்?"

"மறுபடி விளம்பரம், விண்ணப்பம், எல்லாம் முதல்ல இருந்து. ஒரு வருஷம் ஓடிடும். அதுவரைக்கும் இப்பப் பொறுப்புல இருக்கறவரே நாற்காலியில தொடருவார்."

"யார் பொறுப்புல இருக்கா?"

"உங்களைக் கூப்பிட்டாரே, அவர்தான்."

 காலையில் கையெழுத்தைப் பெரிதாகப் போட்டது லென்ஸுக்கு ஞாபகம் வந்து கூச்சமாக இருந்தது.

"ஆனா ஆதாரம் வேணுமே" என்றார், வராத குரலில்.

துணைவேந்தர் கடிதத்தின் கடைசி வரியில் விரல் வைத்துச் சிரித்தார். "அந்த மனுஷன் நகல் எடுக்காம தும்மக்கூட மாட்டார். கோப்புக்குன்னு போட்டிருந்தா கோப்புல கண்டிப்பா இருக்கும்."

அண்ணி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் லென்ஸுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பதிவறை அடித்தளத்தில் இருந்தது. சுவரெல்லாம் இரும்பு அலமாரி, அலமாரியெல்லாம் கட்டுக்கட்டாகக் கோப்பு. நடுவில் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டபடி பதிவறைக்காரம்மா. அனுமதிக் கடிதத்தை இரண்டு தடவை படித்து, தேதியைச் சரிபார்த்து, "பதிவாளர் கையெழுத்துதான். என்ன வேணும்?" என்றார்.

"போன ஒரு மாசத்துல பதிவாளர் அறையில இருந்து திறந்த புதுக் கோப்பு எல்லாம்" என்றார் அண்ணி.

புதுக் கோப்புகளுக்கு எண் கொடுக்கும் பெரிய நோட்டு ஒன்று வந்தது. அண்ணி விரலை ஓட்டிக்கொண்டே போனார். குடிநீர்க் குழாய் பழுது தொடர்பாக. மின்விசிறி இடமாற்றம் தொடர்பாக. விரல் ஓரிடத்தில் நின்றது.

'துணைவேந்தர் தேர்வு – பெயரில்லாக் கடிதம் – பெறப்பட்டமை – தொடர்பாக.'

லென்ஸ் உதட்டைப் பிதுக்கினார். "கடிதம் வந்தது. அதுக்கு ஒரு கோப்பு திறந்தாங்க. ஒழுங்கான ஆபீஸ்னா அப்படித்தான் செய்வாங்க. இதுல ஒண்ணும் இல்ல அண்ணி." சொல்லிக்கொண்டே, சும்மா இருக்க முடியாமல், மொட்டைக் கடிதத்தின் மேல்மூலையில் மங்கலாக விழுந்திருந்த வரவு முத்திரைமேல் பூதக்கண்ணாடியை வைத்தார். தேதி தெரிந்தது. ஒன்பது. நோட்டில் கோப்பு திறந்த தேதியைப் பார்த்தார். ஆறு. மறுபடி முத்திரையைப் பார்த்தார். கண்ணாடியைச் சட்டையில் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"அண்ணி. கடிதம் வந்தது ஒன்பதாம் தேதி. வந்த கடிதத்துக்குக் கோப்பு திறந்தது ஆறாம் தேதி."

அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தார். கொழுந்தனை அவர் அப்படிப் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

"கடிதம் வர்றதுக்கு மூணு நாள் முன்னாடியே கோப்பு திறந்தா, உங்களுக்கு ஒண்ணும் தோணலையாம்மா?" என்று லென்ஸ் பதிவறைக்காரம்மாவைக் கேட்டார்.

"நம்பர் குடுக்கறது என் வேலை. கடிதம் வந்துச்சா வரலையான்னு கேக்கறது என் வேலை இல்ல." அவர் நோட்டைத் திருப்பிப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகமும் கொஞ்சம் மாறியது. "கோப்பு பதிவாளர் அறையில இருக்கு. பதினெட்டு நாள் ஆகுது."

"எங்ககிட்ட அனுமதி இருக்கு. நேராப் போய்க் கேட்டா?" என்றார் லென்ஸ்.

"கேட்டா, கோப்பு அடுப்புக்குப் போயிடும்" என்றார் அண்ணி. பிறகு பதிவறைக்காரம்மாவிடம் திரும்பினார். குரலில் முப்பது வருட நீதிமன்றம் வந்து உட்கார்ந்தது. "ஒரு கோப்பை எத்தனை நாள் வெளியில வச்சிருக்கலாம்?"

"பதினஞ்சு நாள். அதுக்கு மேல போனா நினைவூட்டுச் சீட்டு அனுப்புவேன். சீட்டு போனா கோப்பு திரும்பி வந்தாகணும். அந்த விதியே இவர் கொண்டுவந்ததுதான்."

"அவர் அறையில பதினஞ்சு நாள் தாண்டின கோப்பு மொத்தம் எத்தனை?"

பதினொன்று. அண்ணி தட்டச்சுப் பொறிமுன் உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் பதினொரு நினைவூட்டுச் சீட்டுகள் தயார். குடிநீர்க் குழாய் முதலில், மின்விசிறி இரண்டாவது. நமக்கு வேண்டிய கோப்பு ஏழாவது. பதிவறைக்காரம்மா பதினொன்றிலும் கையெழுத்திட்டு மேலே அனுப்பினார். மணி மூன்று.

லென்ஸ் இருப்புக்கொள்ளாமல் அலமாரிகளுக்கு நடுவே நடந்தார். "படிச்சுப் பாத்துட்டா?"

"கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கு. நாற்காலி எண்ணணும், குறிப்புக்குத் தாள் எடுத்து வைக்கணும். சீட்டு சரியான படிவத்துல இருக்கான்னு மட்டும்தான் பாப்பார். கை தானா 'திருப்புக'ன்னு எழுதிடும் தம்பி. எங்க கோர்ட்ல ஒரு ஆள் தன் வேலை நீக்க ஆணைக்கே 'பார்த்தேன்'னு கையெழுத்துப் போட்டுட்டு அடுத்த தாளை எடுத்தார்."

மூன்று முப்பத்தைந்துக்கு அலுவலக ஊழியர் ஒருவர் பதினொரு கோப்புகளை மார்போடு அணைத்தபடி படியிறங்கி வந்தார். ஏழாவது சீட்டிலும் பச்சை மையில் 'திருப்புக' என்று இருந்தது.

கோப்பைத் திறந்தார்கள். முதல் பக்கம், மொட்டைக் கடிதத்தின் வரைவு. பச்சை மையில் திருத்தங்கள். 'திருடினார்' என்பதை அடித்து 'அகற்றப்பட்டுள்ளது' என்று நாகரிகமாக மாற்றியிருந்தது. இரண்டாம் பக்கம், நகல். மூன்றாம் பக்கம், ஒரு குறிப்பு: 'மேற்படி பேராசிரியையின் பணிப் பதிவேடு, கூட்டம் முடியும்வரை இக்கோப்புடன் வைக்கப்படுகிறது.' பின்னால் கயிற்றில் கட்டி அந்தப் பதிவேடே இருந்தது. பேராசிரியரான தேதி தெளிவாக, பன்னிரண்டு வருடம் நான்கு மாதத்துக்கு முன்னால்.

லென்ஸுக்குக் கால் தரையில் இல்லை. "மாட்டிக்கிட்டார் அண்ணி. இந்த மாதிரி ஒரு வழக்கை நான்..."

அண்ணி நான்காம் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பைப் பட்டென்று மூடினார். "இவ்வளவு போதும். வாங்க போலாம்."

"அது என்ன பக்கம்?"

"ஒண்ணும் இல்ல."

அண்ணிக்கு ஒன்றுமில்லை என்று சொல்லும் வழக்கமே கிடையாது. லென்ஸ் கோப்பை வாங்கித் திறந்தார்.

'பொருள்: விசாரணை நிறுவனம் தேர்வு செய்தல் – தொடர்பாக. மூன்று நிறுவனங்கள் பரிசீலிக்கப்பட்டன. முதலாமவர் முன்னாள் காவல் அதிகாரி, கெட்டிக்காரர், தவிர்க்கலாம். இரண்டாமவர் சுறுசுறுப்பானவர், தவிர்க்கலாம். மூன்றாமவர், காணாமல் போன பூனை ஒன்றை ஆறு மாத காலம் தேடியவர். மேற்படி பூனை அவரது அலுவலக மாடியிலேயே குட்டி ஈன்றிருந்தது. இப்பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் தாளில் மூன்று முறை தவறியவர். எதையும் கண்டறிய வாய்ப்பில்லை. பொருத்தமானவர், நியமிக்கலாம்.'

கீழே பச்சை மையில் கையெழுத்து.

லென்ஸ் அதை இரண்டு தடவை படித்தார். இரண்டாவது தடவைக்குக் காரணமே இல்லை, முதல் தடவையே எல்லாம் புரிந்துவிட்டது. காலையில் வந்த மரியாதை எந்த வழியாக வந்ததோ அதே வழியாகப் போனது. அவமானமாக இருந்தது. அதைவிட, எழுதியது அத்தனையும் உண்மை என்பது வலித்தது. ஒரு வார்த்தை பொய்யாக இருந்திருந்தால் கோபப்படவாவது முடிந்திருக்கும்.

"இந்தத் தாளை மட்டும் உருவிடலாம்" என்றார் அண்ணி மெதுவாக. அந்தக் குரலில் கிண்டல் இல்லை. "மூணு பக்கமே போதும். கயித்தை அவுத்துக் கட்ட எனக்குத் தெரியும். யாருக்கும் தெரியாது."

பதிவறைக்காரம்மா அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் நம்பர் கொடுக்கிறவர் மட்டும்தான்.

லென்ஸ் பக்கங்களின் மூலையைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொன்றிலும் பதிவாளரின் சுருக்கொப்பம். கோப்பின் முகப்பில் 'பக்கங்கள்: நான்கு' என்று வேறு எழுதியிருந்தது. ஒரு பக்கம் குறைந்தால் அந்த மனிதர் அதை ஒரே பார்வையில் பிடிப்பார். கோப்பில் யாரோ கை வைத்திருக்கிறார்கள், எதையும் நம்ப முடியாது என்பார். பேராசிரியையின் பதிவேட்டையும் சேர்த்தே சந்தேகப்படச் சொல்வார்.

மேலே குழுவில் ஏழு பேர் இருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பூனை நடமாடும். இனி எந்த முகத்தோடு வாசலில் போர்டு மாட்டுவது என்று லென்ஸ் யோசித்தார். எந்த முகத்தோட வகுப்புக்குள்ள போறது என்று காலையில் ஒருத்தர் கேட்டது காதில் விழுந்தது. அவருக்காவது அது நல்ல முகம். நம்முடையதில் இழக்க அவ்வளவு ஒன்றும் இல்லை என்று தோன்றியபோது ஆச்சரியமாக, கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"முழுசாவே எடுத்துட்டுப் போலாம் அண்ணி" என்றார்.

கூட்ட அறையில் நீதிபதி அம்மா கோப்பை வாங்கிப் புரட்டினார். எதையும் சத்தமாக வாசித்தால்தான் அவருக்குத் திருப்தி. வரைவை வாசித்தார். நகலை வாசித்தார். குறிப்பை வாசித்து, பதிவேட்டை அவிழ்த்துத் தேதியைக் குழுவுக்குக் காட்டினார். மேஜையின் கோடியில் பதிவாளர் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். முகம் வெளிறிவிட்டது, நெற்றியில் வேர்வை. ஆனால் பேனா நிற்கவில்லை. தன்னுடைய கடிதம் வாசிக்கப்பட்டதைக்கூட அவர் நேரம் குறிப்பிட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

நான்காம் பக்கம் வந்தது. நீதிபதி அம்மா மனசுக்குள் படித்தார். கண்ணாடிக்கு மேலாக லென்ஸைப் பார்த்தார். "இதையும் வாசிக்கணுமா? தேவையில்லைன்னு நினைக்கிறேன்."

"வாசிச்சுடுங்கம்மா. பக்கம் விட்டுப் போச்சுன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது."

வாசித்தார். ஓர் உறுப்பினர் இருமினார். அது இருமல் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. இன்னொருவர் தண்ணீர் குடிக்கக் குனிந்து வெகு நேரம் நிமிரவில்லை. லென்ஸ் மேஜைவிரிப்பின் ஓரத்தில் இருந்த ஒரு நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் கொதித்தன.

"இதுல சொல்லியிருக்கறது சரியா?" என்று கேட்டார் நீதிபதி அம்மா. பழக்கதோஷம்.

"ஒரு திருத்தம் இருக்குங்க. ஆறு மாசம் இல்ல, எட்டு மாசம்."

பதிவாளரின் பேனா அதையும் எழுதியது.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. யாரோ வெளியே வந்து பேராசிரியையிடம் முடிவைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் சுவரோரம் இருந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.  விலகல் கடிதத்தை எட்டாக, பதினாறாகக் கிழித்தார். போட இடம் தெரியாமல் துண்டுகளைக் கையிலேயே வைத்துக்கொண்டார். அண்ணி அவற்றை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க? ஒரே நாள்ல?" என்று பேராசிரியை லென்ஸிடம் கேட்டார். கண்ணில் அவ்வளவு மரியாதை. உள்ளே வாசித்தது அவருக்கு இன்னும் தெரியாது.

நல்ல சந்தர்ப்பம். தரமான தாள், தாராளமான ஓரம், வரவு முத்திரை என்று ஒரு அரை மணி நேரம் பேசலாம். அண்ணிகூட மறுக்க மாட்டார் போலிருந்தது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். லென்ஸ் பூதக்கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

"பாதிக்கு மேல அண்ணிதாங்க" என்றார்.

"இருந்தாலும், சரியான ஆளாப் பாத்துத்தான் கூப்பிட்டிருக்காங்க. உங்களை யார் தேர்ந்தெடுத்தது?"

"பதிவாளர்தாங்க" என்றார் லென்ஸ். "மூணு பேரை விசாரிச்சுட்டு, தகுதி பாத்துத்தான் என்னை எடுத்தாரு."